பிள்ளையின் சட்டையும் ஒரு நாட் சம்பளமும்

தீபாவளி நெருங்குகின்றபோது தோட்டங்களில் முதலில் பேசப்படுவது முற்பணம் பற்றியே. எவ்வளவு கிடைக்கும், எப்போது கிடைக்கும், எத்தனை மாதங்களில் பிடிப்பார்கள் என்ற கேள்விகளுக்கு விடை கிடைத்ததும் அடுத்த பேச்சு பிள்ளைகளுக்கான உடுபுடவை பற்றியதாக இருக்கும். பெற்றோர் தமக்குப் புத்தாடை இல்லாமலே பண்டிகையைக் கழித்துவிடுவர். பிள்ளைக்கு மட்டும் ஒரு புதுச்சட்டை இல்லாமல் பண்டிகை இல்லை. நோன்புப் பெருநாளை எதிர்நோக்கும் முஸ்லிம் குடும்பங்களிலும் இதே நிலைதான் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

அண்மைக் காலம் வரை இரத்தினபுரி, கேகாலை மாவட்டத் தோட்ட மக்கள் இந்தச் சட்டையைப் பெறுவதற்கு இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று, சம்பள நாளையடுத்து பலாங்கொடை, இறக்குவானை, காவத்தை, யட்டியாந்தோட்டை, தெஹியோவிட்ட போன்ற நகரங்களுக்கு பஸ் ஏறிச் சென்று கடையில் வாங்குவது. மற்றொன்று, துணி மூட்டையைச் சுமந்துகொண்டு லயம் லயமாக வரும் பொட்டணி வியாபாரியிடம் தவணை முறையில் வாங்குவது. இப்போது மூன்றாவது வழியொன்று திறந்திருக்கின்றது. அது தாயின் கையிலுள்ள கையடக்கத் தொலைபேசி. முகநூலிலும் வட்ஸ்அப்பிலும் படங்களைப் போட்டு விற்பவர்கள் பெருகியுள்ளனர். 2016ஆம் ஆண்டில் இலங்கைக்கு வந்து, 2018இல் சீனாவின் அலிபாபா நிறுவனத்தின் கைக்குச் சென்ற டராஸ் போன்ற பெரிய இணையச் சந்தைகளின் பொதிகளும் தோட்டத்துச் சந்திவரை வந்து சேர்கின்றன.

இந்த மாற்றத்தை நாம் குறை கூறவில்லை. பஸ் கட்டணமும் ஒரு நாள் வேலையும் மிச்சமாவது சிறிய விடயமல்ல. ஆனால் பொட்டணி வியாபாரி மூட்டையை அவிழ்த்தபோது இஸ்தோப்பில் அமர்ந்திருந்த பாட்டி துணியைத் தொட்டுப் பார்த்தார், இழுத்துப் பார்த்தார், வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார், பிள்ளையைக் கூப்பிட்டு முதுகில் வைத்து அளந்தார். சாயம் போனால் அடுத்த மாதம் வரும் வியாபாரியிடம் முகத்துக்கு நேரே கேட்டார். தொலைபேசித் திரையில் இவற்றில் ஒன்றையேனும் செய்ய முடியாது. அங்கே படம் மட்டுமே உண்டு. படத்தை நம்பி வாங்குகின்றபோது கண் முதலில் தேடுவது நிறத்தையும் பளபளப்பையும் தான். துணியின் தரமும் அளவும் பின்னுக்குப் போய்விடுகின்றன.

தெரணியகலைப் பகுதித் தோட்டமொன்றில் வசிக்கும் தாயொருவர் தமது மூன்று வயது மகளுக்காக இவ்வாறு வாங்கிய சட்டையை எமக்குக் காட்டினார். இளஞ்சிவப்பு நிறம். வலைத்துணி அடுக்கு, மார்பில் மின்னும் மணிகள். படத்தில் தேவதையின் உடையாகத் தெரிந்தது, கையில் வந்தபோது பிள்ளையின் தோளுக்கு மேல் ஏறவில்லை. மணிகள் இரண்டு பொதியிலேயே கழன்று கிடந்தன. திருப்பி அனுப்புவதற்கு யாரிடம் பேசுவது, எந்த மொழியில் பேசுவது என்று அவருக்குத் தெரியவில்லை. அதைவிட அவரை வருத்தியது வேறொன்று. "தம்பிக்காவது போடலாம் என்றால் இது பொம்பிளைப்பிள்ளைச் சட்டையாச்சே" என்றார். ஒரு நாள் கொழுந்து பறித்த சம்பளம் பெட்டியின் அடியில் மடித்து வைக்கப்பட்டிருந்தது.

இந்தத் தாயின் கடைசி வார்த்தையே இக்கட்டுரைக்கு அடிப்படை. அக்காவின் சட்டை தம்பிக்கு ஏன் ஆகாமற் போயிற்று?

நிறம் எப்போது பால் ஆயிற்று?

இணையக் கடைக்குள் நுழைந்தவுடன் பிள்ளை ஆணா, பெண்ணா என்ற கேள்வியே முதலில் எதிர்கொள்கிறது. ஆறு மாதக் குழந்தைக்குப் பருத்திப் பெனியன் தேடுபவருக்குக்கூட இக்கேள்வியிலிருந்து தப்ப முடியாது. ஒரு பக்கம் திறந்தால் நீலமும் வாகனப் படங்களும், மறுபக்கம் திறந்தால் இளஞ்சிவப்பும் பூக்களும் காட்சி தருகின்றன. இது தொன்றுதொட்டு வந்த வழக்கம் என்று பலரும் எண்ணுகின்றனர். உண்மை அவ்வாறல்ல.

மேற்கு நாடுகளில் பத்தொன்பதாம் நூற்றாண்டு முழுவதும் ஆண் குழந்தைக்கும் பெண் குழந்தைக்கும் ஒரே வெள்ளைக் கவுனையே அணிவித்தனர். வெள்ளைத் துணியைக் கொதிநீரில் போட்டு வெளுக்கலாம் என்பதே அதற்குக் காரணம். பின்னாளில் அமெரிக்க ஜனாதிபதியான பிராங்ளின் ரூஸ்வெல்ட் சிறு பிராயத்தில் நீண்ட கூந்தலுடனும் பாவாடைச் சட்டையுடனும் அமர்ந்திருக்கும் 1884ஆம் ஆண்டுப் புகைப்படம் இன்றும் உள்ளது. நிறங்கள் புழக்கத்துக்கு வந்தபோதும் விதி இன்றுள்ளதாக இருக்கவில்லை. 1918ஆம் ஆண்டில் அமெரிக்கச் சிறுவர் ஆடை வணிக இதழொன்று, இளஞ்சிவப்பு உறுதியான நிறமாதலால் ஆண் பிள்ளைக்கும், நீலம் மென்மையான நிறமாதலால் பெண் பிள்ளைக்கும் ஏற்றது என எழுதியது. இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இது தலைகீழாயிற்று. 1980களில், பிறக்கு முன்னரே குழந்தையின் பாலை அறியும் வசதி மேலைநாடுகளில் பரவிய பின்னர் இந்தப் பிரிவினை மேலும் இறுகியது. காரணம் வெளிப்படையானது. மகளின் உடையை மகனுக்குப் போட முடியாது என்ற எண்ணம் நிலைத்துவிட்டால், ஒரே வீட்டில் இரண்டு மடங்கு உடைகளை விற்கலாம். இது வியாபாரத்தின் தேவையே அன்றிக் குழந்தையின் தேவை அல்ல.

எமது வீடுகளின் வழக்கம் என்ன? பிறந்த குழந்தையை முதலில் சுற்றுவது தாத்தாவின் பழைய வேட்டியிலோ பாட்டியின் நைந்த சேலையிலோ தான். பலமுறை வெளுத்து மென்மையான அந்தத் துணி பிஞ்சுத் தோலை உறுத்தாது என்பதைப் பெரியவர்கள் அறிந்திருந்தனர். அந்த வேட்டித் துண்டு ஆணுக்கு உரியதா, பெண்ணுக்கு உரியதா என்று எவரும் கேட்டதில்லை. எமது முன்னோர் மலைக்கு வந்த காலத்தில் மழைக்கும் குளிருக்கும் போர்த்திக்கொண்ட கறுப்புக் கம்பளியும் அப்படியே. ஆணும் பெண்ணும் ஒரே கம்பளியைத்தான் தலையில் போட்டுக்கொண்டு மலையேறினர். ஆகவே, இருபாலாருக்கும் பொதுவான எளிய உடை என்பது வெளிநாட்டிலிருந்து வந்த புதுப் பாணி என்று எவரும் கருத வேண்டியதில்லை. அது எம்மிடம் ஏற்கெனவே இருந்தது. விளம்பரப் படங்கள் அதனை மறக்கச் செய்துவிட்டன.

இங்கே ஒரு விளக்கம் அவசியம். ஆண் பெண் வேறுபாட்டையே அழிக்க வேண்டும் என்று நாம் வாதிடவில்லை. பிள்ளைகள் வளர்கின்றபோது அவர்களது உடை பற்றித் தமிழ்க் குடும்பங்களுக்கும் முஸ்லிம் குடும்பங்களுக்கும் தத்தமது மரபும் மார்க்க ஒழுங்கும் உண்டு. அவற்றைக் குடும்பங்களே தீர்மானித்துக்கொள்ளும். நாம் பேசுவது தவழும் குழந்தை, தத்தித் தத்தி நடக்கும் குழந்தை, பிள்ளைக்காம்பராவில் மண்ணில் விளையாடும் குழந்தை ஆகியோரின் பெனியனையும் காற்சட்டையையும் பற்றி. வீண்விரயம் கூடாது என்பது இஸ்லாம் வலியுறுத்தும் ஒழுக்கம். அளவறிந்து வாழ்தல் தமிழ் அறநெறியும் ஆகும். இந்த இடத்தில் இரு சமூகத்தாரின் விழுமியமும் ஒன்றாகவே நிற்கின்றது.

கணக்குப் பார்த்தால் தெரியும்

பிறக்கும்போது ஏறத்தாழ 50 சென்ரிமீற்றர் நீளமுள்ள குழந்தை, ஒரு வயதில் ஏறத்தாழ 75 சென்ரிமீற்றர் உயரத்தை எட்டிவிடுகின்றது. அந்த ஓராண்டில் வாங்கிய உடை எதுவும் சில மாதங்களுக்கு மேல் பொருந்துவதில்லை. கிழிவதற்கு முன்னரே சிறுத்துவிடும் பொருள் உலகில் பிள்ளையின் உடை ஒன்றுதான். ஆதலால் அதன் உண்மையான விலையை அறிய, வாங்கிய தொகையை அதனை அணியப் போகும் பிள்ளைகளின் எண்ணிக்கையால் வகுக்க வேண்டும். இளஞ்சிவப்பு வலைச்சட்டை ஒரு பிள்ளைக்கு, அதுவும் ஒரு பண்டிகைக்கு. சாம்பல், பச்சை, மஞ்சள், மண்ணிறம் போன்ற நிறத்திலான வெறும் பருத்திப் பெனியன் அக்காவுக்கு, தம்பிக்கு, பின்னர் சித்தியின் பிள்ளைக்கு, அதன் பின்னர் பக்கத்துக் காம்பராப் பிள்ளைக்கு. நான்கு பிள்ளைகள் அணிந்த உடையின் விலை நான்கில் ஒன்றாகின்றது.

இதனைச் சம்பளத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்பது பொருத்தமாகும். தோட்டத் தொழிலாளரின் அடிப்படை நாட் சம்பளம் 2021ஆம் ஆண்டு மார்ச் மாதம் ஆயிரம் ரூபாவாக்கப்பட்டது. நீண்ட இழுபறியின் பின்னர் 2024 செப்டெம்பரில் அது 1350 ரூபாவாக நிர்ணயிக்கப்பட்டது. 2025 நவம்பரில் சமர்ப்பிக்கப்பட்ட 2026ஆம் ஆண்டுக்கான வரவு செலவுத் திட்டத்தில், இதனை 1550 ரூபாவாக உயர்த்தவும், அதற்கு மேலதிகமாக 200 ரூபா வருகைக் கொடுப்பனவை அரசாங்கமே வழங்கவும் முன்மொழியப்பட்டது. ஆனால் இதற்கிடையில் 2022ஆம் ஆண்டின் பொருளாதார வீழ்ச்சி வந்து போயிற்று. அவ்வாண்டு செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி பணவீக்கம் 70 சதவீதத்தை நெருங்கியது. 2024 ஜனவரி முதலாம் திகதி பெறுமதி சேர் வரி 18 சதவீதமாக உயர்ந்தது. சம்பளம் ஒரு படி ஏறுகின்றபோது விலைவாசி இரண்டு படி ஏறியிருந்தது.

சப்ரகமுவவுக்கு மேலும் ஒரு நெருக்கடி உண்டு. இங்கே தேயிலையோடு இறப்பரும் முக்கிய பயிர். மழை பெய்தால் பால் வெட்ட முடியாது. பால் வெட்டாத நாளில் வருமானமும் குறையும். நாட்டின் மிகுந்த மழைவீழ்ச்சிப் பிரதேசங்களில் ஒன்றான இரத்தினபுரியில் இத்தகைய நாட்கள் எத்தனை என்பதை அங்குள்ளவர்களுக்கு எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

இப்போது ஓர் எடுத்துக்காட்டுக் கணக்கைப் பார்ப்போம். படத்திலுள்ள சட்டை 950 ரூபா எனவும், வீடு தேடிவரும் கட்டணம் 400 ரூபா எனவும் கொள்வோம். மொத்தம் 1350 ரூபா. 2024இல் நிர்ணயிக்கப்பட்ட ஒரு நாள் அடிப்படைச் சம்பளம் அப்படியே போய்விட்டது. அதுவும் அச்சம்பளத்திலிருந்து ஊழியர் சேமலாப நிதிக்கான 8 சதவீதம் கழிக்கப்படுவதற்கு முன்னைய கணக்கு. அதே லயத்திலுள்ள ஐந்து தாய்மார் ஒரே கடையில் ஒரே பொதியாக ஐந்து சட்டைகளைக் கேட்டு, பொதி சற்றுப் பாரமானதால் கட்டணம் 500 ரூபாவாகியது என வைத்துக்கொண்டாலும், ஒருவருக்கு விழுவது 1050 ரூபா. ஆளுக்கு 300 ரூபா மிச்சம். கூட்டாக வாங்குவதற்கு ஐந்து பேருக்கும் ஒத்துவரும் பொருள் வேண்டும். எளிய, பொதுவான உடை இங்கேயும் உதவுகின்றது.

விலையிலேயே பாரபட்சம் இருப்பதையும் கவனிக்க வேண்டும். நியூயோர்க் நகரின் பாவனையாளர் அலுவல்கள் திணைக்களம் 2015ஆம் ஆண்டில் செய்த ஆய்வில், ஒத்த தன்மையுள்ள சிறுவர் உடைகளில் பெண் பிள்ளைகளுக்கானவை ஆண் பிள்ளைகளுக்கானவற்றைவிடச் சராசரியாக 4 சதவீதம் கூடுதல் விலையில் விற்கப்பட்டமை தெரியவந்தது. எமது தாய்மாரும் தமது தொலைபேசியிலேயே இதனைச் சோதித்துப் பார்க்கலாம். வெறும் பருத்திப் பெனியனை ஆண் பிள்ளைப் பகுதியிலும், பெண் பிள்ளைப் பகுதியிலும், 'யுனிசெக்ஸ்' என்று குறிக்கப்படும் பொதுப் பகுதியிலும் தேடி, மூன்று விலைகளையும் ஒப்பிட்டுவிட்டு வாங்குவதில் தவறில்லை. மகனுக்கென்று எழுதப்பட்ட பெனியன் மகளுக்குப் பொருந்தாது என்று எந்தத் துணியும் சொல்வதில்லை.

பணத்தைத் தவிர்ந்த நட்டமும் உண்டு. மணி தைத்த சட்டையை அணிந்த சிறுமியிடம் "ஓடாதே, உட்காராதே, அழுக்காக்காதே" என்று நாள் முழுவதும் சொல்லிக்கொண்டிருக்கிறோம். முழங்கால் மறைக்கும் காற்சட்டை அணிந்த அவளது அண்ணனோ மரமேறுகின்றான். பிள்ளையின் விளையாட்டை உடை தடுக்கக் கூடாது. அதனை ஆண் பிள்ளைக்கு மட்டும் கொடுத்துவிட்டுப் பெண் பிள்ளைக்கு மறுப்பது நியாயமும் அல்ல.

மழை நாட்டுக்கு ஏற்ற துணி

எந்தத் துணி சிறந்தது என்ற கேள்விக்குப் பருத்தி என்று பொதுவாகச் சொல்லிவிடுகின்றனர். வியர்வையை உறிஞ்சுவதாலும் காற்றோட்டம் இருப்பதாலும் அது சரியே. ஆயினும் தொடர் மழையில், வெயில் எட்டிப் பார்க்காத லயத்து அறையில், தடித்த பருத்தித் துணி இரண்டு நாட்களாகியும் காய்வதில்லை. அடுப்புக்கு மேலே கொடி கட்டிக் காயவைத்தால் புகை நாற்றம் ஏறுகின்றது. அரைகுறையாகக் காய்ந்ததை அணிவித்தால் பிள்ளையின் தோலில் சொறி வருகின்றது. ஆகவே எமது பகுதிக்கு ஏற்றது மெல்லிய பருத்தி. தடித்த ஒன்றை வாங்குவதைவிட மெல்லிய இரண்டை வாங்குவது மேல். பருத்தியோடு சிறிதளவு செயற்கை நூல் கலந்த துணி விரைவில் காயும் என்பதால் மேலங்கிக்கு அதனையும் தெரிவு செய்யலாம். உள்ளே தோலில் படுவது பருத்தியாக இருந்தால் போதும்.

மூன்று வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு வாங்குகின்றபோது அழகைவிடப் பாதுகாப்பு முக்கியம். கழன்று விழக்கூடிய பொத்தான், மணி, பூ முதலியவற்றைப் பிள்ளை வாயில் போட்டு விழுங்கினால் மூச்சடைத்துவிடும். கழுத்தில் இழுத்துக் கட்டும் நாடா எதிலாவது சிக்கினால் உயிராபத்து. அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் சிறு பிள்ளைகளின் உடையில் கழுத்து நாடா கூடாதென்று பாதுகாப்பு விதிகளே வகுக்கப்பட்டுள்ளன. எளிய உடையில் இவையெல்லாம் இல்லை என்பதே அதன் முதற் சிறப்பு. எந்த உடையாயினும் முதன்முறை அணிவிப்பதற்கு முன்னர் ஒரு தடவை அலசிக் காயவைப்பது நல்லது. சாயம் போகுமா, சுருங்குமா என்பது அப்போதே தெரிந்துவிடும்.

படத்தை நம்பாமல் அளவை நம்புக

இணையத்தில் உடை வாங்கி ஏமாறுவோரில் பலர் ஏமாறுவது அளவில்தான். "3 வயது" என்று ஒரு கடை சொல்வது மற்றொரு கடையின் "4 வயது" ஆக இருக்கும். சீனாவிலிருந்து வரும் உடைகளில் 80, 90, 100, 110 என்று இருக்கும் எண்கள் வயதைக் குறிப்பவை அல்ல. அவை பிள்ளையின் உயரத்தைச் சென்ரிமீற்றரில் குறிப்பவை. பிள்ளையைச் சுவரோரம் நிறுத்தி உயரத்தை அளந்துகொண்டால் பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும். மீதிப் பாதிக்கு, இப்போது பிள்ளைக்குச் சரியாக இருக்கும் சட்டையொன்றைத் தரையில் விரித்து, ஒரு கக்கத்திலிருந்து மறு கக்கம் வரையும், தோளிலிருந்து கீழ்விளிம்பு வரையும் அளந்து குறித்துக்கொள்ள வேண்டும். அளவு நாடா இல்லாவிட்டால் நூலொன்றைப் பிடித்து, அதனைப் பாடசாலை அடிமட்டத்தில் வைத்துப் பார்க்கலாம். விற்பவர் தரும் அளவு அட்டவணையோடு அதனை ஒப்பிட்டு, ஒரு படி பெரியதாக வாங்குவதே எமக்கு இலாபம். அளவு அட்டவணையே தராத விற்பனையாளரிடம் வாங்காமல் இருப்பது அதைவிட இலாபம்.

அடுத்தது கொடுப்பனவு. பொருள் கைக்கு வந்ததும் பணம் கொடுக்கும் முறையே ஆரம்பத்தில் பாதுகாப்பானது. அறிமுகமில்லாத முகநூல் பக்கத்துக்கு முழுத் தொகையையும் முன்கூட்டியே வங்கியில் போட வேண்டாம். தொலைபேசிக்கு வரும் இரகசிய இலக்கத்தை எவர் கேட்டாலும் சொல்லக் கூடாது. பரிசு விழுந்திருக்கிறது, பொதி சுங்கத்தில் நிற்கிறது என்று சொல்லிப் பணம் கேட்பவரை நம்பக் கூடாது. விற்பனைப் பக்கத்தின் படத்தையும் விலையையும் உரையாடலையும் தொலைபேசியில் சேமித்து வைத்துக்கொள்ள வேண்டும். பொதியைப் பிரிக்கின்றபோது வீட்டிலுள்ள இன்னொருவர் அதனைக் காணொளியாக எடுத்துக்கொண்டால் பின்னர் சான்றாகும்.

முகவரியும் ஒரு பிரச்சினை. பல லயங்களுக்கு வீட்டிலக்கம் இல்லை. கடிதமே தோட்ட அலுவலகத்துக்குச் சென்று, பல கைகள் மாறி வரும் நிலையில் பொதி எவ்வாறு வீடு வரும்? தோட்டத்தின் பெயர், பிரிவு, அருகிலுள்ள கோயில் அல்லது கடை, பிரதான வீதியிலிருந்து வரும் வழி ஆகியவற்றை எழுதுவதோடு, சந்தியிலுள்ள நம்பிக்கையான கடையொன்றை ஒப்படைக்கும் இடமாகக் குறிப்பிடுவது நடைமுறைக்கு ஏற்றது. பொதி கொண்டுவருபவர் பெரும்பாலும் சிங்களத்திலேயே பேசுவார். சிங்களக் கிராமங்களுக்கிடையே சிதறி வாழும் சப்ரகமுவத் தமிழருக்கு அம்மொழி ஓரளவு தெரிந்திருந்தாலும், பொருளின் விபரத்தையும் திருப்பியனுப்பும் நிபந்தனையையும் வாசித்து விளங்கிக்கொள்வது வேறு விடயம். பாடசாலை செல்லும் மூத்த பிள்ளையை அருகில் வைத்துக்கொண்டு, விளங்காத நிபந்தனையை விளங்கிய பின்னரே பொத்தானை அழுத்த வேண்டும்.

தரங்கெட்ட பொருளை விற்றுவிட்டு விற்பனையாளர் கைவிரித்தால் சட்டம் இருக்கின்றது. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டத்தின்படி, பொருளை வாங்கியவர் கேட்டால் வியாபாரி பற்றுச்சீட்டு வழங்க வேண்டும். குறித்த தரத்துக்கு அமையாத அல்லது அளித்த உத்தரவாதத்துக்கு மாறான பொருள் பற்றி அதிகார சபையிடம் முறையிடலாம். அம்முறைப்பாடு எழுத்தில், பொருள் விற்கப்பட்டு மூன்று மாதங்களுக்குள் செய்யப்பட வேண்டும். பண்டிகைக்கு வாங்கியதை அடுத்த பண்டிகைக்கு எடுத்துப் பார்த்துவிட்டு முறையிட்டுப் பயனில்லை. அதிகார சபையின் 1977 என்ற தொலைபேசி இலக்கத்தை ஒவ்வொரு வீட்டிலும் குறித்து வைத்துக்கொள்வது நன்று.

கடனில் வாங்கும் அழகு

இப்போது வாங்குங்கள், பின்னர் மூன்று தவணையில் செலுத்துங்கள் என்ற அழைப்பும் திரையில் வருகின்றது. கடனுக்கு வாங்குவது எமது மக்களுக்குப் புதிதன்று. கங்காணியின் கடனும் துண்டு முறையும் எமது முன்னோரைத் தோட்டத்தோடு கட்டிப்போட்ட வரலாறு தெரிந்ததே. 1921ஆம் ஆண்டில் சட்டமியற்றித் துண்டு முறையை ஒழிக்க வேண்டியிருந்தது. அண்மைக் காலத்தில் நுண்கடன் வலையில் சிக்கிய பெண்களின் கண்ணீரையும் கண்டோம். பொட்டணி வியாபாரியின் தவணையில் தாமதம் ஏற்பட்டால் முகம் பார்த்துப் பேசலாம். கணினியின் தவணைக்கு முகம் இல்லை. தாமதித்தால் மேலதிகக் கட்டணம் மட்டுமே உண்டு. மூன்று மாதத்தில் சிறுத்துவிடும் சட்டைக்காக மூன்று மாதக் கடன் தகுமா என்பதைத் தாய்மார் யோசிக்க வேண்டும்.

விற்பவருக்கும் ஒரு வார்த்தை

மாவனல்லை, வரக்காப்பொலை, ருவன்வெல்லை, இரத்தினபுரி, பலாங்கொடை ஆகிய நகரங்களில் தலைமுறைகளாகப் புடவை வியாபாரம் செய்துவரும் தமிழ், முஸ்லிம் வர்த்தகர்கள் பலர் இன்று முகநூலிலும் விற்கின்றனர். தோட்ட மக்களின் தேவையையும் மொழியையும் அறிந்தவர்கள் அவர்களே. பொருளின் விபரத்தைத் தமிழில் எழுதுவதும், அளவைச் சென்ரிமீற்றரில் தருவதும், துணி எது என்பதை உள்ளவாறு சொல்வதும், அளவு மாறினால் கடையில் மாற்றிக்கொள்ள இடமளிப்பதும் அவர்களுக்குப் பெருஞ்செலவு அல்ல. தூரத்துப் பெரிய நிறுவனத்தால் தர முடியாத நம்பிக்கையை இவர்களால் தர முடியும். அலங்காரச் சட்டைகளுக்கு அருகில் எளிய, பொது நிறப் பெனியனும் காற்சட்டையும் கொண்ட ஒரு பகுதியை ஒதுக்கினால் அதற்கு வாடிக்கையாளர் இல்லாமற் போகமாட்டார்கள்.

மற்றொரு வாய்ப்பும் கண்முன்னே இருக்கின்றது. 1978இல் கட்டுநாயக்க வலயம் திறக்கப்பட்டது முதலும், 1992இல் இருநூறு ஆடைத் தொழிற்சாலைத் திட்டம் தொடங்கியது முதலும், ஆடைத் தொழில் நாட்டின் முதன்மை ஏற்றுமதியாக வளர்ந்துள்ளது. மேலைநாட்டுக் குழந்தைகள் அணியும் உடைகளைத் தைத்துப் பழகிய எமது யுவதிகள் பலர் திருமணத்தின் பின்னர் லயத்துக்குத் திரும்பிவிட்டனர். வெட்டும் அளவும் தையலின் நேர்த்தியும் அவர்களுக்குத் தெரியும். ஒரு தையல் இயந்திரமும் சில யார் பருத்தித் துணியும் இருந்தால், படத்தைப் பார்த்து ஏங்கும் அயலவரின் பிள்ளைகளுக்கு அவர்களே தைத்துக் கொடுக்கலாம். மணியும் வலையும் இல்லாத எளிய வெட்டே தைப்பதற்கும் இலகு. தோட்டங்களில் இயங்கும் மகளிர் சங்கங்கள் இதனைச் சிந்திக்க வேண்டும். இணையம் வாங்குவதற்கு மட்டும் உரியதல்ல, விற்பதற்கும் உரியது.

எளிய உடை ஏழ்மையின் அடையாளம் என்ற மனத்தாங்கல் சிலருக்கு இருக்கக்கூடும். 1993ஆம் ஆண்டு அரசாங்கம் பாடசாலை மாணவர்களுக்கு இலவசச் சீருடைத் துணி வழங்கத் தொடங்கியது. பணக்காரப் பிள்ளையும் ஏழைப் பிள்ளையும் ஒரே வெள்ளைத் துணியில் ஒன்றாக அமர்ந்தபோது எவரும் அதனை இழிவாகக் கருதவில்லை. பாடசாலையில் பெருமையாகத் தோன்றிய எளிமை வீட்டில் மட்டும் எவ்வாறு குறையாகும்?

பண்டிகைக்கு ஒரு வண்ணச் சட்டை வாங்குவதை நாம் தடுக்கவில்லை. வருடத்தில் ஒரு நாள் மகளின் முகத்தில் மலரும் மகிழ்ச்சிக்கு விலையில்லை. ஆனால் மீதி முந்நூற்று அறுபத்து நான்கு நாட்களும் அவளும் அவள் தம்பியும் ஓடி ஆடி விளையாட வேண்டும். அந்த நாட்களுக்கான உடையை நிறத்தைப் பார்த்து அல்ல, துணியைப் பார்த்தும் அளவைப் பார்த்தும் வாங்குவோம். அக்காவுக்குச் சிறுத்த பெனியன் வெட்கமின்றித் தம்பிக்குப் போகட்டும். பெட்டியின் அடியில் மடித்து வைக்கப்பட்ட அந்த இளஞ்சிவப்புச் சட்டையைப் போல, இன்னொரு தாயின் ஒரு நாள் உழைப்பு வீணாகாதிருக்க வேண்டும் என்பதே எமது அவா.